துர்க்குவில் இறங்காதவள்

ஸ்டாக்ஹோம்,
4 செப்டம்பர் 2025

தம்பி புருஷோத்தமனுக்கு அக்கா கங்காவின் ஆசிகள்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறையில்லை. முழங்கால் மட்டும் இன்னும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. நீயும் ஜோதியும் சௌக்கியமா? சர்க்கரை பார்த்தாயா?

போனில் பேசினால் நமக்கு மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். மின்னஞ்சல்தான் என்றாலும் கடிதமாகவே நினைத்துப் படி.

அன்புவின் வீடு அழகாக இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள். நான் கூடத்தில் சோபாவில் படுக்கிறேன். பேத்தி நிலா காலையில் வந்து என் காலை இழுக்கிறாள். மருமகள் பிரவீனாவுக்கு இது எட்டாம் மாதம். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் வருகிறார்கள். பிரசவம் பார்ப்பது பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு, அதுதானே முறை.

அதற்குள் அன்பு எனக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்துவிட்டான். "ம்மா, வந்ததே வந்த, நாலு ஊரு பாத்துட்டு வாயேன்" என்றான். ரயிலில் கோபன்ஹேகன், அங்கிருந்து கப்பலில் ஆஸ்லோ, திரும்ப ரயிலில் இங்கே. சின்ன வயதில் அட்லாஸில் ஊர் கண்டுபிடிக்கும் விளையாட்டில் நீ எனக்குக் கொடுத்த ஊர்கள்தான் எல்லாம்.

கிளம்புவதற்கு முன் உன் மாடியைக் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அங்கே கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று நீ சொன்ன பிறகு நான் ஏன் வற்புறுத்தப்போகிறேன்? விசா நவம்பர் 27 வரை இருக்கிறது. ஊருக்கு வரும்போது எங்கே தங்குவது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா
கங்கா


சுங்குவார்சத்திரம்,
13 செப்டம்பர்

அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும், குளிர்நாடு. என் சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இந்தக் குடும்பத்தில் யார்தான் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறோம்?

நீ கோபன்ஹேகன் போகிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. புவியியலில் எம்.ஃபில். முடித்தவன் ஒரகடத்தில் கம்பெனிப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறான். எந்த வண்டி எந்த ஷிப்டுக்கு எந்த முக்கில் நிற்கவேண்டும் என்பதுதான் இப்போது என் புவியியல். நான் விரலால் தேய்த்த ஊர்களை நீ காலால் மிதித்துவிட்டு வா.

தண்டலம் வீட்டை விற்று உன் மகனுக்கு அந்த ஊரில் வீடு வாங்கக் கொடுத்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், வயதான காலத்தில் தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று சொல்லியிருப்பேன். சொல்ல நான் யார்? அவனுடைய கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் இல்லை. அத்தானின் சித்தப்பாவுடைய மச்சினன் பெயர் இருந்தது. அடியில் அச்சகத்துக்காரன்கூடத் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். ஆறு வருடமாகிறது, அந்தப் பத்திரிகையை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாடியைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே ஒரு பாய் விரிக்க இடமில்லை. ஒருத்தி குளிக்கும்போது பாடுகிறாள், இன்னொருத்தி ஷிப்ட் முடிந்து வந்ததும் வாளியை உருட்டுகிறாள், தண்ணீர்த் தொட்டி பகலிலேயே காலியாகிவிடுகிறது. நீ இருந்திருந்தால் உனக்குத்தான் தொந்தரவு.

ஆஸ்லோ போகும் கப்பலில் விடியும்போது மேல்தளத்துக்கு ஏறு. பார்க்கவேண்டியது அப்போதுதான் வரும்.

புருஷோத்தமன்


ஆஸ்லோவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் ரயிலில்,
24 செப்டம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் ஜோதியும் நலமா? மாத்திரையை வேளைக்குப் போடு. பழைய பகையைப் போல அதையும் மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

கோபன்ஹேகனுக்கு ரயில் கடல்மேல் பாலத்தில் போனது. இருபக்கமும் தண்ணீர், நடுவில் காற்றாடிகள். பக்கத்தில் இருந்தவர் தலை நிமிராமல் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். நம் ஊர் கம்பெனி பஸ்ஸில் ஏரியைக் கடக்கும்போது பெண்கள் தூங்குவதைப் போலத்தான்.

அங்கே ஓர் இளைஞர் விடுதியில் தங்கினேன். ஒரே அறையில் எட்டுக் கட்டில், ஆணும் பெண்ணும் கலந்து. அறுபதை நெருங்கும் நான் இளைஞர் விடுதியில்! படுக்கை விரிப்புக்குத் தனியாக வாடகை கேட்டார்கள். நான் பெட்டியிலிருந்து என் பழைய வாயில் புடவையை எடுத்து விரித்தேன். மேல்கட்டில் ஜெர்மன் பெண் தொட்டுப் பார்த்து எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். பொதுச் சமையலறையில் சோறு வடித்துப் புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்தேன். ஒரு பையன் "கறுப்புச் சாக்லேட்டா?" என்று விரலால் தொட்டு நக்கிவிட்டு, அரைமணி நேரம் தண்ணீர் குடித்தான். இங்கே குழாய்த் தண்ணீர் இலவசம் என்பது அவன் அதிர்ஷ்டம்.

கப்பலில் மலிவான அறை, கார்கள் நிறுத்தும் தளத்துக்கும் கீழே. ஜன்னல் இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் யாரும் தட்டுவதில்லை. நன்றாகத் தூங்கினேன்.

நீ சொன்னபடி விடியலில் மேலே ஏறினேன். இருபக்கமும் கரை நெருங்கி வந்தது. தண்ணீர் ஒட்டிய பாறைகளில் பொம்மை வீடுகள் மாதிரி சிவப்பு வீடுகள். ஃபியோர்டு, தம்பி! பத்தாம் வகுப்பில் நீ களிமண்ணில் செய்தாயே, அது. உன்னை அங்கே நிறுத்திவைத்துக் காட்டவேண்டும் போலிருந்தது. எனக்கு அதில் பாதிதான் புரிந்திருக்கும்.

கங்கா


ஒரகடம்,
5 அக்டோபர்

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமென்று கடிதத்தின் குதூகலத்திலேயே தெரிகிறது.

ஒரு திருத்தம். ஆஸ்லோவில் நீ பார்த்தது சரியான பொருளில் ஃபியோர்டு அல்ல. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால்தான் ஃபியோர்டு. அது நிலம் பிளந்து இறங்கிய பள்ளம். பெயரைத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பெயர் இருக்கிற இடத்தில் பொருள் இருப்பதில்லை. நான் இருக்கும்போது மாமன் பெயர் மட்டும் இல்லாமல் போன மாதிரி.

இங்கே எனக்கு வேறு தலைவலி. சுப்பன் என்று ஒரு டிரைவர். எப்போதும் தூரமான ரூட்டையே கேட்டு வாங்குவான். உழைப்பாளி என்று நினைத்திருந்தேன். நேற்று மத்தியானம் ஷெட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கப் போனேன். அவன் வண்டியின் கடைசி சீட்டில் தலையணை, பெட்ஷீட், சோப்பு டப்பா, ஜன்னல் கம்பியில் காயும் பனியன்.

"இன்னாய்யா இது, பஸ்ஸா லாட்ஜா?" என்றேன்.

"லாட்ஜுன்னா வாடக கேப்பாங்க சார். இதுல பேட்டா குடுக்குறாங்க" என்று சிரிக்கிறான்.

"வூடு இல்லியா உனக்கு?"

"கீது சார். தம்பி குடும்பம் கீது, மச்சினன் குடும்பம் வந்துகீது. வாடான்னு தான் சொல்றாங்க. நான் போனா யாருனா ஒருத்தர் எழுந்து வெளிய படுக்கணும். எதுக்கு?"

விதிப்படி மேலிடத்துக்கு எழுதி அவனை வண்டியிலிருந்து இறக்கவேண்டும். கம்பெனி வண்டி தங்கும் இடமல்ல. எழுதத்தான் போகிறேன்.

மாடிப் பெண்களின் சத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் போயிற்று. உனக்கு அங்கே அமைதி. அனுபவி.

புருஷோத்தமன்


கப்பலில்,
22 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி நல்லபடி கழிந்ததா? கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டால், "கங்காவே இங்க இல்ல" என்று சின்ன வயதில் சொல்வாயே, இந்த வருடம் அது நிஜமாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை. ஜோதி அதிரசம் சுட்டாளா? நீ எத்தனை தின்றாய் என்று கேட்கமாட்டேன்.

பிரவீனாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். சம்பந்தி அம்மா பத்தியச் சமையலிலிருந்து குளிப்பாட்டுவது வரை எல்லாம் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. ராணி மாதிரி ஊர் சுற்றுகிறேன்.

இப்போது நான் இருப்பது பின்லாந்துக்குப் போகும் கப்பல். சாயங்காலம் ஸ்டாக்ஹோமில் கிளம்பி, ஆயிரம் தீவுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், காலையில் துர்க்கு சேரும். துர்க்கு! அட்லாஸில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு நீ தரையில் உருண்டு சிரித்தாய். வாரநாளில், மழைக்காலத்தில், அறையோடு சேர்த்துப் போகவரச் சீட்டு நம் ஊர் லாட்ஜைவிட மலிவு. வழியில் ஒரு தீவில் கொஞ்சநேரம் ஒட்டி நிற்கிறது. அப்படி நின்றால்தான் சாராயத்தை வரியில்லாமல் விற்கலாமாம். ஜனங்கள் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள். மீதிப் பேர் என் வயதுக்காரர்கள். பாட்டுக் கச்சேரி நடக்கிற தளத்தில் ஒரு காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வாரமும் வந்தேன். வியாழன் சாயங்காலம் கிளம்பி, துர்க்குவைப் பார்த்துவிட்டு, வெள்ளி சாயங்காலம் வீடு திரும்பினேன். அங்கே பழைய கோட்டை இருக்கிறது. உள்ளே போய் எல்லா அறைகளையும் பார்த்தேன். பிறகு ஆற்றங்கரையில் நடந்தேன். அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான். பிடித்துப்போய்விட்டது. அறை கூட்டும் பெண் என்னைப் பார்த்ததும், "மறுபடியுமா!" என்று சிரிக்கிறாள்.

அந்த சுப்பனைப் பற்றி எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. மேலே எழுதிவிட்டாயா? எழுதவில்லையென்றால் எழுதாதே, தம்பி. அவன் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்தானே படுத்திருக்கிறான். இறக்கிவிடாதே.

கங்கா


ஒரகடம்,
30 அக்டோபர்

அக்காவுக்கு,

நலம். பேரன் பிறந்ததற்கு வாழ்த்து. தாய்மாமன் என்ற முறையில் தகவல் வராவிட்டாலும் மின்னஞ்சல் வழியில் வந்தது.

மற்றவற்றை அப்புறம் எழுதுகிறேன். நீ சொன்ன அந்தக் கப்பலின் அட்டவணையை நேற்று அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. அது துர்க்குவில் காலை ஏழு மணிக்கு ஒட்டுகிறது. ஒன்பதுக்குள் திரும்பப் புறப்பட்டுவிடுகிறது. ஜனங்கள் இறங்கி, புதியவர்கள் ஏறி, லாரிகள் மாறவே அந்த நேரம் போதாது. கோட்டை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதையும் பார்த்தேன்.

வியாழன் சாயங்காலம் கிளம்பி வெள்ளி சாயங்காலம் வீட்டில் இருந்ததாக நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் கோட்டைக்குள் நீ எப்படிப் போனாய்? எந்த ஆற்றங்கரையில் நடந்தாய்? நீ துர்க்குவில் இறங்கவே இல்லை. மூன்று முறை போய் மூன்று முறையும் கப்பலிலேயே உட்கார்ந்து திரும்பியிருக்கிறாய்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்தியவள் நீ. ஊர் பார்த்ததாகப் பீற்றிக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லையா? பாராமல் விட்டதை நான் கண்டுபிடிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? பேருந்து விடுபவன்தானே என்று நினைத்திருப்பாய்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இறங்கிப் பார்க்காதவள் எதற்காக வாராவாரம் போகிறாய்?

புருஷோத்தமன்


சுங்குவார்சத்திரம்,
9 நவம்பர்

அண்ணி,

நல்லா கீறீங்களா? நான் ஜோதி. எனக்கு டைப்பெல்லாம் வராது, போன்ல பேசினா அதுவே எழுதிக்குது. தப்பு இருந்தா போனத் திட்டுங்க. பேரப்புள்ள எப்பிடி கீறான்? ஒங்க சளி வுட்டுச்சா?

பத்து நாளா நீங்க பதில் போடலன்னு இவரு தெனம் போனத் தடவிக்கினே கீறாரு. இன்னாங்கன்னா, ஆபீஸ் மெயிலுன்றாரு. ஞாயித்துக்கெழம கூட ஆபீஸ் மெயிலா? சாப்பாட்டுத் தட்டுல கையக் கழுவிட்டாரு முந்தாநேத்து, ரசம் ஊத்தப் போறதுக்குள்ள. இருங்க, கேஸ் வந்துச்சி.

வந்துட்டேன். ஒங்களுக்கு இன்னா எழுதினாருன்னு கேட்டேன். போனக் குடுத்துட்டாரு. படிச்சேன். "இன்னாங்க, அக்கா எதுக்கு வாராவாரம் கப்பல்ல போயி படுத்துக்கினு வருது, ஒங்களுக்குப் புரியலியா? ஒங்க பஸ்ல ஒருத்தன் படுத்துக்கினு கீறானே, அவன் எதுக்கு படுக்குறான்?"ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அப்பறம் எழுந்து, மாடி சாவி எங்கன்னாரு. தொடப்பம் கேட்டாரு. இன்னாத்துக்குன்னேன். எலி, அப்பிடின்றாரு.

அந்தப் பொண்ணுங்க ஆடி மாசமே காலி பண்ணிட்டாங்கன்னு அப்பவே ஒங்ககிட்ட சொல்லிட்டேன். ஆவணில நீங்க ஸ்வீட்டு வாங்கிக்கினு வந்து மாடியக் கேட்டப்ப இவரு ஃபுல்லுன்னாரு. நான் சமையக்கட்டுல நின்னுக்கினு வாயத் தொறக்கல. அது என் நெஞ்சுலயே நிக்குது அண்ணி. ஒங்களுக்குத் தெரியும்ன்றது இவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்ல.

ஒரு பதில் போடுங்க. திட்டியாவது போடுங்க.

ஜோதி


ஸ்டாக்ஹோம்,
12 நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். சளி விட்டுவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கோபமல்ல. ஊர் பார்க்கப் போயிருந்தேன், இந்தமுறை நிஜமாகவே.

நீ கண்டுபிடித்தது சரி. நான் இறங்கவில்லை. உன் கடிதத்தைக் கப்பலில் உட்கார்ந்துதான் படித்தேன். பிள்ளை காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த வாரம் போகமட்டும் சீட்டெடுத்துத் துர்க்குவில் இறங்கினேன். கோட்டை திறக்கும்வரை துறைமுகத்தில் காத்திருந்து, உள்ளே போனேன். நான் பொய்யாக எழுதியதைவிட இருட்டாக இருந்தது. ஆற்றங்கரையில் மேப்பிள் இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. அங்கிருந்து ஹெல்சிங்கிக்கு ரயில். வழியெல்லாம் பிர்ச் மரங்களும் சின்னச் சின்ன ஏரிகளும். நான்கு மணிக்கே அந்தி. ஹெல்சிங்கியில் ஒரு பெரிய நூலகம், உள்ளே யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து தின்றேன். மறுநாள் இரவுக் கப்பலில் ஸ்டாக்ஹோம். ஆக, நான் எழுதிய பொய்யை மெய்யாக்கிவிட்டேன். இப்போது மதிப்பெண் போடு.

எதற்கு வாராவாரம் என்று கேட்டாயே. சம்பந்தி வீட்டார் கூடத்தில் படுக்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் அழுகிறான். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. அன்பு, "நீ உள்ள படும்மா, நான் சமையல்கட்டுல படுத்துக்கறேன்" என்றுதான் சொல்கிறான். காலையில் வேலைக்குப் போகிற பிள்ளை. கப்பலில் கதவைச் சாத்தினால் அது என் கதவு. அவ்வளவுதான். அவனை எதுவும் நினைக்காதே.

பத்திரிகை விஷயமும் சொல்லிவிடுகிறேன். அப்பா காரியத்தன்று பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்ற சண்டையில் நீ எழுந்து, "இனிமே ஒங்க வூட்டு விசேஷத்துல என் பேரப் போடாத" என்றாய். நான் போடவில்லை. எனக்கு டீச்சர் புத்தி. பிள்ளை எழுதியதைத்தான் திருத்துவேன், எழுத நினைத்ததை அல்ல. அது என் குறைதான்.

27 காலையில் சென்னை வந்து இறங்குவேன். திருவள்ளூரில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறாள். ஒரு கட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

கங்கா


சுங்குவார்சத்திரம்,
14 நவம்பர்

அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. ஆகவே நலம்.

உன் கடிதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹெல்சிங்கி வட்டாரத்தில் ஏரிகள் குறைவு, ஏரிப் பிரதேசம் இன்னும் வடகிழக்கே என்று திருத்த நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பந்தியில் ஒருவன் "போதும்" என்று இலையைக் கையால் மறைத்தால், கையை விலக்கி இன்னொரு கரண்டி வைப்பார்கள். அதுதான் நம் ஊர். உண்மையிலேயே வேண்டாதவன் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். நான் "போதும்" என்றேன். நீ வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாய். ஆறு வருடம் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மாடி காலியாகியிருக்கிறது. போன வாரம்தான் அந்தப் பெண்கள் காலி செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், ஆறு பேரும் திடீரென்று கிளம்பிவிட்டார்கள். அதனால் இப்போது இடம் இருக்கிறது. ஒரு ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியாது, ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். படிக்கட்டுக்குக் கைப்பிடியும் போடச் சொன்னேன், உன் முழங்காலுக்கு.

கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி ஒன்றுதான். உன்னிடம் இருக்கும்.

வா.

புருஷோத்தமன்


ஸ்டாக்ஹோம்,
17 நவம்பர்

அன்புத் தம்பிக்கு,

நலம். இங்கே முதல் பனி விழுந்தது. நிலா அதை டப்பாவில் பிடித்து உனக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

மாடி காலியானது பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் வேண்டாம், தம்பி. வேறு பெண்கள் வருவார்கள், வாடகைக்கு விடு. வயதான காலத்தில் நான் மேலும் நீ கீழுமாக இருந்து, தண்ணீர் மோட்டாருக்கும் கதவு சத்தத்துக்கும் சண்டை போட்டுக்கொள்ளவேண்டாம். தூர இருந்தால் கடிதமாவது எழுதுவோம். திருவள்ளூரில் எனக்குச் சௌகரியமாகவே இருக்கும்.

ஜோதிக்கு என் அன்பு.

கங்கா


ஒரகடம்,
18 நவம்பர்

அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்று எழுதியது கிடைத்தது. இது இரண்டாவது கரண்டி. கையை எடு.

சண்டை வரும் என்கிறாய். வரும். தண்ணீர் மோட்டாருக்கு வரும், கதவுக்கு வரும், ஃபியோர்டுக்கும் வரும். படிக்கட்டில் பாதியில் நின்று போடலாம், இருவருக்கும் சமதூரம்.

அட்டவணை அனுப்புகிறேன். உன் விமானம் 27 காலையில் இறங்குகிறது. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன். வாசலில் நானும் சுப்பனும் நிற்போம். அன்று அவனுக்கு விடுமுறை, வாடகைக் கார் அவன் ஓட்டுகிறான். அவனைப் பற்றி மேலே எழுதவில்லை. கடைசி சீட்டுக்கு ஜோதி ஒரு கொசுவலை தைத்துக் கொடுத்திருக்கிறாள். "சார், இப்ப லாட்ஜுக்கு ஸ்டாரு ஏறிப்போச்சி" என்கிறான். என் அட்டவணையில் திருவள்ளூர் ஸ்டாப் இல்லை.

மருமகன் அன்புவிடம் சொல், பேரனுக்குக் காது குத்துவது ஊரில்தான். அவன் அப்பனுக்கு மாமனான என் மடியில்தான். பத்திரிகை அடித்தால் என் பெயரைப் போடச் சொல். போடாதே என்று நானே சொன்னாலும் போடச் சொல்.

புருஷோத்தமன்


மாடி,
29 நவம்பர்

கீழே இருக்கும் தம்பிக்கு,

இருவரும் நலமென்று தெரியும். சற்று முன் நீ ஜோதியிடம் உப்பு குறைவென்று கத்தியது கேட்டது. நானும் நலம். போனில் பேசினால் சண்டை வரும், நேரில் பேசினாலும் வரும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உனக்குக் காபி கொண்டுவரும்போது ஜோதி இதையும் கொடுப்பாள்.

இரண்டு நாளாக வெளியே மழை. கட்டிலில் படுத்தால் கப்பல் மாதிரியே இருக்கிறது. கதவை நன்றாகச் சாத்த முடிகிறது. ஜன்னலைத்தான் இன்னும் சாத்த முடியவில்லை, உன் ஆசாரி வரவே இல்லை. நான் வெளியே பார்க்கலாம் என்று அப்படியே விட்டிருக்கிறேன். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒன்றில் சுப்பன் கையாட்டினான்.

அந்தப் பெண்கள் போன வாரம்தான் காலி செய்தார்கள் என்று எழுதியிருந்தாய். நான் வருகிற நேரம் பார்த்துக் காலியானது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

அவர்கள் சுவரில் ஒரு தினசரிக் காலண்டரை விட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று இரவு நீ கீழே விட்டிருந்த என் இரண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அதன் முன்னால் நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தாய். வாய் திறக்கப்போகிறாய் என்று நினைத்தேன். அதற்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது.

நீ போன பிறகு ஆடி மாதத் தாளிலிருந்து நேற்றைய தாள் வரை எல்லாவற்றையும் நானே கிழித்துவிட்டேன். வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஆகுமென்று ஜோதியிடம் கொடுத்திருக்கிறேன். சுவரில் இப்போது தேதி சரியாக இருக்கிறது. இனி மேலே வரும்போது தயங்காமல் வா.

வரும்போது அந்தப் பழைய அட்லாஸை எடுத்து வா. ஒரு கேள்வி இருக்கிறது.

அக்கா
கங்கா